வாணி அக்காவின் வேன் நிற்கும் ஏழு நிமிடங்கள்

கிள்ளானை அடுத்த பண்டமாரானில், திடலை ஒட்டிய சிறிய சாலையில் அந்த மஞ்சள் வேனைப் பார்த்தபோது விபத்து என்றுதான் நினைத்தேன். எஞ்சின் ஓடவில்லை. பக்கக் கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. உள்ளே பள்ளிச் சீருடையில் பதினான்கு பிள்ளைகள். ஒருவர்கூட அசையவில்லை. மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஓடினேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு என்னை நிற்கச் சொன்னது. பிறகு அந்தக் கையின் ஒரு விரல் உதட்டுக்குப் போனது.

"ஒண்ணும் இல்ல டீச்சர். இன்னும் மூணு நிமிஷம்தான்," என்றார் வாணி அக்கா மெதுவாக.

மூன்று நிமிடம் கழித்து அவருடைய கைப்பேசியில் அலாரம் ஒலித்தது. பிள்ளைகள் கண் திறந்தார்கள், நெளிந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். பின் இருக்கையிலிருந்து ஒருவன், "அக்கா, இது வேனா, தியான மண்டபமா? டிக்கெட் போட்டுடலாம்லா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நீல வாளி கைமாறி வந்தது. அதிலிருந்து அவரவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். கதவு மூடியது. வேன் கிளம்பிப் போனது.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டியூஷன் நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேறு வேலைக்கு நேர்காணல் கடிதம் வரும்வரை என்று சொல்லிச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவதும் என் பொறுப்பு.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு இரண்டரை மணிக்கு. அதற்கு முன்பே வந்து சேர்பவர்களுக்கு நிலையத்தை நடத்தும் மாதவி டீச்சர் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார், அதற்கு முன்தாள் என்று பெயர். மற்ற வேன்களில் வரும் பிள்ளைகள் இரண்டேகாலுக்கே வந்து அதைச் செய்துவிடுவார்கள். வாணி அக்காவின் பிள்ளைகள் எப்போதும் இரண்டு இருபத்தைந்துக்குத்தான் மாடியேறுவார்கள். நெரிசல் என்று நினைத்திருந்தேன்.

வாணி அக்காவுக்கு முப்பத்தாறு வயது. ஷா ஆலமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் இருந்தவர். அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது, ஓய்வு பெற விரும்பிய ஒரு பெரியவரிடமிருந்து வேனையும் அவருடைய பாதையையும் சேர்த்து வாங்கினார். பள்ளி வேன் உரிமத்துக்கான ஓட்டுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறினார். காலை ஐந்தேகாலுக்கு முதல் பிள்ளையை ஏற்றுவார். வெயிலுக்கு இரண்டு கைகளிலும் உறை போட்டிருப்பார். இருக்கைக்கு அடியில் தைலமும் இஞ்சி மிட்டாயும் பிளாஸ்டிக் பைகளும் வைத்திருப்பார். பிள்ளைகள் அவரை அக்கா என்பார்கள், சண்டை வந்தால் 'பாஸ்' என்பார்கள். அவர் வேனில் ஏறும் எந்தப் பிள்ளையையும் "படிச்சியா?" என்று கேட்க மாட்டார். இதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அன்று மாலை, ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஃபேக்டரில ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம் விடுவாங்க டீச்சர். மெஷினுக்கே ரெஸ்ட் உண்டு. இதுங்க காலைல அஞ்சரைக்கு ஏறுதுங்க, ராத்திரி எட்டுக்கு எறங்குதுங்க. ஏழு நிமிஷம் சும்மா இருந்தா என்ன கொறைஞ்சுபோச்சு?"

அவருடைய விதிகள் எளியவை. கைப்பேசிகள் வாளிக்குள். புத்தகம் பைக்குள். பேச்சு கிடையாது. கண்ணை மூடலாம், மூடாமலும் இருக்கலாம். எனக்கு அது பிடித்துப்போனது. பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் நான் எடுத்த கல்வி உளவியல் பாடத்தில் குறுகிய ஓய்வு இடைவேளைகளைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. அதைப் படித்துத் தேர்வெழுதி மறந்த நான், அதைப் படிக்காமலே ஒருவர் சாலையோரத்தில் செய்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக உணர்ந்தேன்.

அந்த உணர்ச்சியில்தான் தவறு செய்தேன். இரண்டு நாள் கழித்து அதே திடலருகே போய், யாருக்கும் தெரியாமல் வேனைப் படம் எடுத்தேன். பெற்றோர் குழுவில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "குறுகிய ஓய்வு மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் என ஆய்வுகள் கூறுகின்றன. வாணி அக்காவுக்குப் பாராட்டுகள்." ஒரு பூங்கொத்துச் சின்னமும் வைத்தேன்.

முதல் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. பாராட்டு இல்லை. "தினமும் இப்படியா?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார். அடுத்தவர், அதனால்தான் முன்தாள் செய்ய நேரமில்லையா என்றார். பிறகு பக்கிரிசாமி என்ற தந்தை எழுதினார். படத்தில் முன்னால் தெரிவது அவருடைய மகன் லோகன். தலையை முழங்காலில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "ட்ரையல் வர பத்து நாள்தான் இருக்கு. ரோட்டோரத்தில் வேனை நிறுத்தி, என் மகன் நொறுக்குத் தீனி தின்றுவிட்டுத் தூங்குகிறான். இதற்குப் பாராட்டு வேறு." அதற்குக் கீழே ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

ட்ரையல், அதாவது பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு முந்தைய சோதனைத் தேர்வு என்றால் கிள்ளானில் ஒரு வீடும் ஒழுங்காகத் தூங்காது. அதை அறிந்தும்தான் படத்தைப் போட்டிருந்தேன்.

அன்று மாலை வாணி அக்கா மாடியேறி வந்தார். முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். ஏற்கெனவே எடுத்துவிட்டேன் என்றேன், ஆனால் அதற்குள் பலர் சேமித்து வைத்திருந்தார்கள். அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும் பேசினார்.

"அந்தப் பையில தீனி இல்ல டீச்சர். அவன் வாந்தி எடுப்பான்."

இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே அப்படியாம். பரிட்சை, டியூஷன் சோதனை, எதுவானாலும் கை விறைக்கும், மூச்சு இறைக்கும், பிறகு வாந்தி. முதலில் அவனுக்காக மட்டும் வேனை ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவன் அவனுக்கு 'கர்ப்பிணி' என்று பெயர்கூட வைத்தான். மறுநாளிலிருந்து வாணி அக்கா எல்லாருக்கும் சேர்த்து, ஒவ்வொரு நாளும், பரிட்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தத் தொடங்கினார். எல்லாருக்குமாக வேன் நின்றால் அவனை மட்டும் யார் கவனிப்பார்கள்?

"கொஞ்ச நாள்ல மத்ததுங்களுக்கும் பிடிச்சுப்போச்சு. ஷபானா கூட, அக்கா இன்னிக்கு நிக்காம போயிடாதீங்கன்னு கேக்குறா. ஆனா ஆரம்பிச்சது இவனுக்குத்தான். அவன் அப்பாவுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

பக்கிரிசாமி துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர். மகன் பொறியியல் படிக்கப் போகிறான் என்று உடன் வேலை செய்யும் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதனால்தான் லோகன் வாயைத் திறப்பதில்லை. எனக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. கேரி தீவுப் பாமாயில் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் என் அப்பாவிடம், பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பரிட்சைக்கு முன்பும் கழிப்பறையில் ஒளிந்து நின்றதை நானும் சொன்னதில்லை. அவர் என் பட்டமளிப்புப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை மாலை மாதவி டீச்சர் கூட்டம் வைத்தார். பதினோரு பெற்றோர்கள் பிள்ளைகளின் நாற்காலிகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வாணி அக்கா வெண்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பதினான்கு பிள்ளைகள் போய்விட்டால் அவருடைய பிற்பகல் பாதையே இல்லை. அந்தப் பாதை இல்லாமல் காலை ஓட்டத்தை மட்டும் வைத்து வேனை வைத்திருக்க முடியாது.

ஷபானாவின் தாய் ஹாஜிரா மட்டும் நிதானமாகக் கேட்டார்: கதவைத் திறந்து வைப்பது பாதுகாப்பா, மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? வாணி அக்கா பதில் சொன்னார். மற்றவர்கள் முன்தாளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி, ஒரு மாதத்துக்கு எத்தனை கேள்வி என்று ஒருவர் பெருக்கிக் காட்டினார்.

பக்கிரிசாமி கடைசியில் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எதுக்கு நிறுத்துறீங்க? காரணம் சொல்லுங்க. சரியா இருந்தா நானே மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

வாணி அக்கா கையுறையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரே ஒரு பெயர் போதும். அவர் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அறையில் பாதிப் பேர் தலை குனிந்திருப்பார்கள்.

"எனக்குத்தான் அண்ணே டயர்டா இருக்கும். காலைலேர்ந்து ஓட்டுறேன்ல. அதான் கொஞ்சம் நிறுத்துறேன்."

பக்கிரிசாமி அதை ஏற்கவில்லை. "நானும் ஸ்டியரிங் புடிக்கிறவன்தான். இருபது நிமிஷ ரோட்டுக்கு டயர்டுன்னா, நீங்க பிள்ளைங்கள ஏத்தவே கூடாது."

நான் எழுந்துவிட்டேன். படத்தை நான்தான் போட்டேன் என்றேன். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காரணம் அக்காவின் களைப்பு இல்லை, அந்த நிறுத்தம் பிள்ளைகளுக்காகத்தான், உண்மையிலேயே தேவைப்படும் ஒரு பிள்ளை... என்று தொடங்கினேன்.

"எந்தப் பிள்ளை?" என்றார் பக்கிரிசாமி.

வாணி அக்கா என்னைப் பார்த்தார். தலையை அசைக்கக்கூட இல்லை. வெறுமனே பார்த்தார். நான் உட்கார்ந்தேன். பொதுவாகச் சொன்னேன் என்றேன். மாதவி டீச்சர் பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமையிலிருந்து விரும்புகிறவர்கள் வேறு வேனுக்கு மாறலாம், தாமே வேறொரு வேன்காரரைக் காட்டுவதாகச் சொன்னார். எட்டுப் பேர் கை தூக்கினார்கள்.

படியில் இறங்கும்போது வாணி அக்காவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் பின்னால் போனேன். அவரே திரும்பினார். "நல்ல வேளை, பேச்சை நிறுத்திட்டீங்க," என்றார். இரண்டு படி இறங்கியபின், "படம் எடுக்கிறப்பவும் இப்படி யோசிச்சிருக்கலாம் டீச்சர்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே இன்னும் காதில் நிற்கிறது.

ஞாயிறு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றி வந்தேன். அந்த ரகசியம் என்னுடையது இல்லை, அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகங்களும் என்னுடையவை இல்லையே. அவற்றை எடுத்துக் குழுவில் போட்டபோது இந்த நேர்மை எங்கே போயிருந்தது? படிப்பு எனக்கு எதைப் பேசவேண்டும் என்று கற்றுத்தந்திருக்கிறது. எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்பதை எந்தப் பாடத்தில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ட்ரையலுக்கு முந்தைய கடைசிச் சோதனை. புதிய வேன் இரண்டு பன்னிரண்டுக்கே வந்துவிட்டது. அதில் லோகன் இல்லை. அவனை அப்பா தானே காரில் அழைத்து வருவதாக ஒரு பையன் சொன்னான். இரண்டரைக்குக் கேள்வித்தாளைக் கொடுத்தேன். லோகனின் நாற்காலி காலி. இரண்டு முப்பத்தைந்து. இரண்டு நாற்பது. நான் கதவுக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அலுவலகத் தொலைபேசி ஒலித்தது.

"டீச்சர், பக்கிரிசாமி பேசுறேன்." குரல் சனிக்கிழமைக் குரல் இல்லை. "சிம்பாங் லீமா கிட்ட நிக்கிறோம். இவனுக்கு என்னமோ ஆவுது. விரலெல்லாம் வெறைச்சுப்போச்சு. கார் முழுக்க வாந்தி. மூச்சு வாங்குறான். நான் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டவா?"

மயக்கம் இருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் மகனிடம் கேட்டுவிட்டு இல்லை என்றார். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கும் சத்தம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னேன். கதவைத் திறந்துவிடச் சொன்னேன். பரிட்சையைப் பற்றி எதுவும் பேச வேண்டாம், சோதனையை அவன் பிறகு எழுதலாம் என்று அவன் காதில் விழும்படி சொல்லச் சொன்னேன். கொஞ்சம் அடங்கியதும் கிளினிக்குக்குப் போய்க் காட்டிவிடுங்கள் என்றேன்.

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. ஹாரன் நின்றது. நீண்ட நேரம் அவர்கள் இருவரின் மூச்சு மட்டும் கேட்டது. முதலில் வேகமாக. பிறகு அவ்வளவு வேகம் இல்லை.

"டீச்சர்," என்றார். "இவனுக்கு இது முன்னாடியே வருமா?"

வகுப்பில் இருபது தலைகள் கேள்வித்தாளில் குனிந்திருந்தன. ஆம் என்று சொல்ல ஒரு நொடி ஆகும்.

"அவன்கிட்டயே கேளுங்க அங்கிள். திட்டாம கேளுங்க."

கார்க்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தொடர்பு போய்விட்டது.

பிறகு நடந்ததை மறுநாள் வாணி அக்கா சொல்லித்தான் அறிந்தேன். கிளினிக்கில் மருத்துவர் உடம்பில் கோளாறு இல்லை, இது பதற்றத்தால் வருவது என்று சொல்லி, பள்ளி ஆலோசகரைப் பார்க்கக் கடிதம் கொடுத்திருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குப் பக்கிரிசாமி கம்போங் ஜாவாவில் இருக்கும் வாணி அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். லோகன் அதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஏம்மா சொல்லல? அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னை அவ்வளவு பேசினேன்."

"அவன் சொல்லிக்குவான்னு விட்டுட்டேன் அண்ணே."

அவர் கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசினாராம். நாளையிலிருந்து பையனைப் பழையபடி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றாராம். யார் வந்து கேட்டாலும் வாணி அக்கா உடனே சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் எண்ணியிருப்பேன். அவர் சொல்லவில்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லப்போகிறேன், போடுகிறவர்களின் பிள்ளைகளை மட்டும்தான் ஏற்றுவேன் என்றிருக்கிறார். வேனில் மீதமிருந்த ஆறு பேருக்கும் அதே விதிதான்.

அந்தத் தாளை எழுதத்தான் என்னிடம் வந்திருந்தார். "நீங்கதானே படிச்சவங்க," என்றார். குத்தலா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கணினியில் தட்டினேன்: 'மாணவர்களின் மன அழுத்தத்தை முறையாகக் கையாளும் நோக்கில்...' அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"இது யாருக்கு டீச்சர், மந்திரிக்கா?"

அழித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் தாளில் இருந்தது நான்கே வரிகள்:

வேன் தினமும் ஏழு நிமிடம் நிற்கும்.
அந்த நேரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள்.
முன்தாள் செய்ய முடியாமல் போனால் வேனைக் குறை சொல்லக் கூடாது.
ஏன் நிற்கிறது என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது.

முதல் கையெழுத்து பக்கிரிசாமியுடையது. அன்றிரவு அவர் குழுவில் ஒரே வரி எழுதினார்: "சனிக்கிழமை வாணியிடம் நான் பேசியது தவறு." காரணம் எழுதவில்லை. என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. கூட்டத்தில் அவரோடு சேர்ந்து கை தூக்கிய இரண்டு தந்தையரின் வீடுகளுக்குத் தாமே தாளைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தார். ஹாஜிரா கையெழுத்திடும் முன் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பிள்ளைகளை யாரும் படம் எடுக்கக் கூடாது. அதை என் கையாலேயே எழுதினேன்.

மாதவி டீச்சர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முன்தாள் இன்னும் இரண்டேகாலுக்கே கொடுக்கப்படுகிறது. அதை மாற்றலாமா என்று ஒருமுறை கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்.

ட்ரையல் முடிந்துவிட்டது. லோகன் எல்லாத் தாள்களையும் எழுதினான். இரண்டு நாள் பை தேவைப்பட்டது, மற்ற நாட்களில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆலோசகரைப் பார்க்கிறான். அசல் தேர்வை எப்படி எழுதுவான் என்று வாணி அக்காவிடம் கேட்டேன். தெரியாது என்றார், அவனிடம் கேட்டதில்லையாம்.

வேனில் இப்போது ஒன்பது பிள்ளைகள். பிற்பகல் பாதை முன்புபோல் நிறைவாக இல்லை. ஆனால் ஓட்டம் நின்றுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாணி அக்கா ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சமையல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியிருக்கிறார். கையெழுத்துப் போடாத ஐந்து வீடுகளில் ஒரு தாய் போன வாரம் தொலைபேசியில் அழைத்து, தாள் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாராம். வாணி அக்கா, தாள் வேனிலேயே இருக்கிறது, வந்து படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த ஐந்து இருக்கைகளில் பிள்ளைகள் இப்போது பைகளை வைத்துக்கொள்கிறார்கள்.